எழுதாத விதியின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்புப் பெருமக்களே, வணக்கம்.

இணையத்தில் எழுதுவோருக்கு முதலில் வேண்டியது தனிமனித சுதந்திரமா, எழுதப்படாத நாகரிகமா என்பது தலைப்பு. சுதந்திரத்தின் பக்கம் பேசிய தம்பி, அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுரிமையைத் தந்திருக்கிறது, எல்லை மீறுகின்றவரைத் தண்டிக்கச் சட்டமும் இருக்கிறது, அப்படியிருக்க யார் வகுத்தார் என்றே தெரியாத விதிகளுக்கு நாம் ஏன் அடங்க வேண்டும் என்று கேட்டார். அந்த உறுப்புரையை நானும் மதிக்கிறேன். சட்டத்தின் மீது அவர் வைத்திருக்கும் நம்பிக்கைதான் எனக்கு இல்லை. அதற்குக் காரணம் நமக்கு அடுத்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், கறியில் கட்டியாகக் கிடந்த ஒன்றை, சிங்களவரை மலடாக்கக் கலந்த மாத்திரை என்று ஒருவர் சொல்ல, ஆட்கள் சூழ்ந்துகொண்டு மிரட்ட, அகப்பட்ட கடைக்காரர் பயத்தில் ஆமென்று தலையாட்டியதைக் காணொளியாக எடுத்தார்கள். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. காணொளியோ நாடெங்கும் பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், 2007ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் இருந்தது. அது அந்தக் காணொளியைப் பகிர்ந்த ஒரு விரலையாவது தயங்க வைத்ததா? மறு ஆண்டு, முகநூலில் ஒரு சிறுகதையை வெளியிட்டதற்காகச் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் வைக்க அதே சட்டம் நன்றாகவே உதவியது. போதாதென்று, எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் வேலையை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்து 2024இல் இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. எழுதுகின்ற நாமே அளவறிந்து எழுதாவிட்டால், நமக்கு அளவு சொல்ல வருகின்றவர்கள் இவர்கள்தாம், தம்பி.

கல்முனை வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து நடந்தால், அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே படம் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தாய், மகனுக்கு நேர்ந்ததை உறவினர் வாயால் கேட்கும் முன், முன்பின் அறியாத ஒருவரின் பக்கத்தில் இரத்தத்தோடு காண நேர்கிறது. படத்தைப் போட்டவருக்கு உரிமை இருந்ததா என்று நாம் நாள் முழுவதும் வாதாடலாம். நெருங்கிய உறவுக்குச் சொன்ன பிறகே ஊருக்குச் சொல்வது என்ற நம்மவர் வழக்கம் இருந்தால் வாதாட்டமே வேண்டியதில்லை. பிறர் படத்தைக் கேட்டுப் போடுவது, பிறர் எழுத்தைப் பெயரோடு பகிர்வது, தனிப்பட்ட முறையில் அனுப்பியதைச் சந்திக்குக் கொண்டுவராமல் இருப்பது எல்லாம் இந்த வகைதான். விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நாகரிகம் என்றால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது என்று எதிரணியினர் எண்ணுவது போல் தெரிகிறது. நம் கண்ணகி அம்மன் கோயில்களின் கொம்பு விளையாட்டைப் பற்றி அவர்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். வளைந்த கொம்புகளைப் பிணைத்து இழுத்துப் போட்டியிடும் அந்த விளையாட்டில், வடசேரி, தென்சேரி என்ற இரு அணிகளும் ஒன்றையொன்று ஏசிப் பாடிய பாட்டுகளில் சிலவற்றை இந்த மேடையில் என்னால் சொல்லவே முடியாது. அத்தனை ஏச்சுக்கும் இடமிருந்தது. அது எந்த நாளில், எந்தக் களத்தில், எதுவரை என்பது ஆடியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

எதிரணிச் சகோதரி எழுப்பிய கேள்விதான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. நாகரிகத்தின் பெயரால் பெண்களின் வாயைத்தானே முதலில் அடைப்பார்கள் என்றார். அடைத்திருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை ஒரு பெண் எழுதினால் குடும்ப மானம் போயிற்று என்பவர்கள், புனைபெயரில் வந்து அவளுடைய படத்தைப் போட்டு இழிவுசெய்யவும் தயங்குவதில்லை. எழுதியவளைக் கூட்டமாகச் சேர்ந்து தாக்குவதை நாகரிகக் கணக்கில் எழுதாதீர்கள், சகோதரி. அதை உங்கள் அணியின் தங்குதடையற்ற சுதந்திரக் கணக்கில் சேருங்கள். முறைப்பாடு கொடுத்து வழக்கு முடிவதற்குள் அந்தப் படம் எத்தனை கைகள் மாறியிருக்கும்! தமக்கு வந்த படத்தை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடும் நூறு பேர்தான் அன்றிரவு அவளுக்கு உதவ முடியும். அவர்களை அப்படிச் செய்யச் சொல்வது எந்தச் சட்டமும் அல்ல.

அடுத்துப் பேச வருகின்ற எதிரணி நண்பரிடம் ஒன்றே கேட்கிறேன்: அம்பாறைக் காணொளி முதல் கைத்தொலைபேசியிலிருந்து இரண்டாவதற்குப் போகும் அந்த நொடியில், உங்கள் உறுப்புரையும் உங்கள் சட்டமும் எங்கே நின்றன என்று சொல்லிவிட்டு மற்றவற்றைப் பேசுங்கள்.