தடைக்காலத்துல ஒரு இன்டர்ன்ஷிப்

நேயர்களுக்கு வணக்கம். காலேஜ் பிள்ளைங்க இன்டர்ன்ஷிப் தேடுறதப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க. பல வருஷமா மெக்கானிக்கல் பாடம் எடுத்துக்கிட்டு, கூடவே பிளேஸ்மென்ட் வேலையும் பாத்த ஆளு நான், இந்த விஷயத்துல வாயத் திறந்தா மூட மாட்டேன்னு தெரிஞ்சுதான் முன்னாடியே கடிகாரத்தைக் காட்டி ஸ்டுடியோவுக்குள்ள விட்டிருக்காங்க.

நம்ம பக்கத்துப் பிள்ளைங்க கேக்குற முதல் கேள்வி, "சார், ராமநாதபுரத்துல என்ன சார் கம்பெனி இருக்கு?" சென்னைக்குப் போனா ரூம் வாடகை, மெஸ் செலவு, வீட்ல தாங்காது. அப்புறம் என்ன பண்றான், போன்ல ஏதோ ஒரு இடத்துல காசக் கட்டி, நாலு வீடியோவ ஓடவிட்டு, ஒரு சர்டிபிகேட்ட வாங்கி ரிப்போர்ட்ல ஒட்டிடுறான். அட, வேலை பாக்கப் போறவன் எதுக்குப்பா காசு கட்டணும்? காசு கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க. இத இன்னும் ரெண்டு தடவை சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

நம்ம கிட்ட இருக்குறது என்னன்னு பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். கிட்டத்தட்ட அதே நேரம் காலேஜும் லீவு. கடலுக்குப் போகாத போட்டெல்லாம் கரையேறி நிக்கும், ஒரு பக்கம் ஓடாவி, அதான் படகு கட்டுற ஆசாரி, பலகை மாத்திக்கிட்டு இருப்பாரு, இன்னொரு பக்கம் தண்ணி உள்ள வராம இடுக்குல பஞ்சு திணிச்சு அடைப்பாங்க, அதுக்குப் பேரு கலப்பத்து, இன்ஜின அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுப் போட்டிருப்பாங்க. மெக்கானிக்கல் படிக்கிற பையன் இத வேற எங்க போய்ப் பாப்பான்?

எங்கிட்ட ஒரு பையன் படிச்சான், தங்கச்சிமடம் பக்கம். அப்பா போட்டுக்குப் போறவரு. படகுப் பட்டறைக்குப் போடான்னா, "அது எங்க அப்பா நிக்கிற எடம் சார், அங்க என்ன கத்துக்கிறது"ன்னான். ஒரு நோட்டு மட்டும் வாங்கிக்க, தெனமும் ஒரு கேள்வி கேளு, பதில எழுதுன்னு சொல்லி அனுப்பினேன்.

போன கொஞ்ச நாள்ல, ப்ரொப்பல்லர் பக்கத்துல ஒரு துத்தநாகக் கட்டி மாட்டியிருக்குறதப் பாத்திருக்கான். எலி கடிச்ச தேங்காப்பத்தை மாதிரி அரிச்சுப்போய்க் கெடந்திருக்கு. "ஏண்ணே, இது இப்படி வீணாப் போயிருக்கு?"ன்னு கேட்டிருக்கான். மெக்கானிக் சிரிச்சுட்டு, "தம்பி, அது கரையிறதுக்குத்தான் மாட்டியிருக்கு. அது கரையலேன்னா ஷாப்டும் ப்ரொப்பல்லரும்ல கரையும்"னு சொல்லியிருக்காரு. இதோட விட்டாரா? பக்கத்துப் போட்டக் காட்டி, "அங்க பாரு, கட்டி மேலயும் சேத்துப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காக, கடல்தண்ணி படாம அது என்னத்தக் காப்பாத்தும்?"னாராம். கடல்தண்ணிக்குள்ள வேற வேற உலோகம் சேந்து இருந்தா ஒண்ணு தான் அழிஞ்சு இன்னொண்ணைக் காப்பாத்தும்னு அவன் பரீட்சையில ரெண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கினவன்தான், ஆனா அந்தப் பாடம் தன் வீட்டுப் போட்டுக்கு அடியில தொங்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அடுத்த செமஸ்டர்ல ஜூனியர் பிள்ளைங்களுக்கு அந்தப் பாடம் வந்தப்போ நான் உக்காந்துக்கிட்டேன், அவனையே நடத்தச் சொல்லிட்டேன்.

இதுல ஒரு சிக்கல் வந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். பட்டறைக்கு லெட்டர்பேடு கிடையாது, லெட்டர்பேடு இல்லாம இன்டர்ன்ஷிப்பா ஏத்துக்க மாட்டோம்னு காலேஜ் ஆபீஸ்ல மடக்கிட்டாங்க. காசு குடுத்து வாங்குற காகிதத்துக்கு மட்டும் பளபளன்னு லெட்டர்பேடு இருக்கும், அத ஏத்துக்குவாங்க! அதனால போறதுக்கு முன்னாடியே துறைத் தலைவரப் பாத்துப் பேசிடுங்க. தேதி, நேரம், செஞ்ச வேலைன்னு ஒரு படிவம் டைப் பண்ணி, ஓனர் கையெழுத்து, போன் நம்பரோட குடுத்தா ஏத்துக்குவீங்களான்னு முதல்லயே கேட்டுடுங்க.

சரி, சயின்ஸ் பிள்ளைங்க. ராமேஸ்வரம் போற வழியில மண்டபம்னு ஊரு, அங்க கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அந்த நிறுவனத்தோட தலைமையிடமே முன்னாடி நம்ம மண்டபத்துலதான் இருந்துச்சு, அப்புறந்தான் கொச்சிக்குப் போச்சு. கடல்பாசி ஆராய்ச்சி நிலையம் ஒண்ணும் அங்கயே இருக்கு. இந்த மாதிரி இடத்துக்கு மே மாசம் போய் நின்னா நடக்காது, பொங்கல் முடிஞ்ச கையோட மெயில் போடுங்க. "எனக்கு இன்டர்ன்ஷிப் வேணும் ஐயா"ன்னு ஒரே லெட்டர ஊருக்கெல்லாம் அனுப்பாம, அங்க யாரு எந்த வேலை பாக்குறாங்கன்னு படிச்சுட்டு, கோபியா மீன் குஞ்சு வளர்ப்பு பாக்கணும், இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் வருவேன், காலேஜ் கடிதம் இணைச்சிருக்கேன்னு எழுதுங்க. பதில் வரலையா, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மெயில், அதுல வெக்கம் என்ன?

பி.காம் பிள்ளைங்களுக்கும் இருக்கு. பாசி வளக்குற மகளிர் குழுவுல போய்க் கணக்கு எழுதிப் பாருங்க. மூங்கில் மிதவையில கட்டுன பாசி 45 நாள் போல அறுவடைக்கு வரும், பத்து கிலோ ஈரப்பாசி காஞ்சா ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். நடுவுல ஒரு மழை பெஞ்சா என்னாகும், இருப்ப எப்படி எழுதுவீங்க? அந்த அக்காமாரு கேக்குற கேள்விக்கு உங்க புத்தகத்துல பதில் இருக்கான்னு தேடுங்க. நோட்டுல எழுதி வைங்க, நோட்ட மறக்காதீங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையக் காட்டிட்டாங்க. ரிப்போர்ட் எழுதுறது, பெண் பிள்ளைங்க வெளியூர் போறப்போ தங்குற ஏற்பாடு, இதெல்லாம் விரிவாச் சொல்லலாம்னு குறிச்சு வச்சிருந்தேன், முடியல. ஒண்ணே ஒண்ணு, 2024ல பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம்னு வந்துச்சே, 21ல இருந்து 24 வயசுக்குள்ள, ஒரு வருஷம், மாசம் 5000 ரூபாய்னு, அது முழுநேரமாப் படிச்சுக்கிட்டு இருக்குறவங்களுக்கு இல்லைன்னுதான் அறிவிச்சாங்க, படிப்ப முடிச்ச அண்ணன் அக்கா வீட்ல இருந்தா அவங்க கிட்ட சொல்லுங்க, விதிமுறைய அந்த வெப்சைட்லயே ஒருக்கா பாத்துக்குங்க, ஏஜென்ட்டுன்னு யாராச்சும் பணம் கேட்டா... ஆங், முடிச்சுக்கிறேன், முடிச்சுக்கிறேன். பணம் மட்டும் கட்டாதீங்க. வணக்கம்.