மொத்தம் 40 கிலோ, கையில் 26 கிலோதான்! லேண்ட்மைன் ரகசியம்

வணக்கம் நண்பர்களே! நேராகக் கேள்விக்குப் போவோம். 20 கிலோ ஒலிம்பிக் ராட் (ஜிம்மில் எடை மாட்டித் தூக்கும் நீளமான இரும்புக் கம்பி), அதன் ஒரு முனையில் 20 கிலோ பிளேட் (வட்ட எடை). மொத்தம் 40. மறுமுனையைத் தரையில் ஊன்றிவிட்டு, பிளேட் உள்ள முனையைத் தூக்கினால் கையில் எவ்வளவு விழும்? சுமார் 26 கிலோ. பிடியை அரை மீட்டர் உள்ளே தள்ளுங்கள். அதே ராட், அதே பிளேட், இப்போது 35 கிலோ!

இந்த வித்தைக்குப் பெயர் லேண்ட்மைன். ராட்டின் ஒரு முனையைச் செருக ஒரு குழாய், அது எல்லாப் பக்கமும் திரும்ப ஒரு மூட்டு, அவ்வளவுதான். பழைய பாடிபில்டர்கள் ராட்டைச் சுவர் மூலையில் முட்டுக்கொடுத்து, குனிந்து நின்று மறுமுனையை நெஞ்சை நோக்கி இழுக்கும் டி-பார் ரோ அடித்தார்கள். அதையே சுவர் பெயராமல் செய்வதுதான் இது.

சரி, கணக்குக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஓட்டிவிடாதீர்கள்.

ஒலிம்பிக் ராட்டின் நீளம் 220 சென்டிமீட்டர். அதன் எடை நடுவில், அதாவது 110-ல் இருக்கிறது. முனையைப் பிடித்தால் பாதியைத் தரை தாங்கும், மீதி 10 கிலோ உங்களுக்கு. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் வெறும் ராட்டின் ஒரு முனையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பிளேட் முனையில் இல்லை, காலரை (தடித்த முனை தொடங்கும் இடத்து வளையத்தை) ஒட்டி, ஊன்றிய முனையிலிருந்து ஏறக்குறைய 180-ல் உட்காருகிறது. அதனால் 20 கிலோ பிளேட் உங்கள் கைக்கு 16 கிலோவாகத்தான் வரும். பத்தும் பதினாறும் 26.

இப்போது வி ஹேண்டிலை, அதாவது V வடிவக் கைப்பிடியை, காலருக்கு உள்பக்கம், 165 வாக்கில் மாட்டி ரோ அடியுங்கள். ராட் 13, பிளேட் 22, ஆக 35. கை, ஊன்றிய முனையை நெருங்க நெருங்க எடை ஏறுகிறது. பிளேட் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் பாருங்கள்! இடத்தை மாற்றினாலே அடுத்த எடைக்குப் போய்விடலாம்.

இன்னொன்று, கோணம். ஒரு கையால் பிரஸ் (தோளிலிருந்து மேலே தள்ளுவது) அடிக்கும்போது ராட் நிமிர்ந்துகொண்டே போகிறது. ராட் சுழலும் வட்டத்தின் போக்கில் தள்ளினால், அதே 26 கிலோ தோள் உயரத்தில் 20 ஆகவும், கையை முழுதாக நீட்டும்போது 12, 13 ஆகவும் இறங்கும். தலைக்கு மேல் நேராகத் தூக்கினால் தோள் பிடிக்கிறது என்பவர்களுக்கு இந்தச் சரிவான பாதை பெரும்பாலும் இதமாக இருக்கும். தோள்பட்டை எலும்பும் தடையில்லாமல் நகரும். மேலே லேசாகிவிடுகிறது என்பவர்கள் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனும் ஒரு ரப்பர் பட்டையைக் காலுக்கடியில் மிதித்து ராட் முனையில் மாட்டுங்கள். கை நீள நீள பேண்ட் இழுக்கும், விட்டுப்போனது ஈடாகும்.

மற்றப் பயிற்சிகள்: முனையை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட், ஒற்றைக்காலில் நின்று குனிந்து நிமிரும் டெட்லிஃப்ட், ஒரு காலைப் பின்னே வைத்து இறங்கும் லஞ்ச். முதுகுக்கு மெடோஸ் ரோ. 2021-ல் மறைந்த அமெரிக்க பாடிபில்டர் ஜான் மெடோஸ் பெயரில் வழங்குவது. ராட்டுக்குக் குறுக்கே நின்று, தடித்த முனையை ஒரு கையால் இழுக்க வேண்டும். கர்லாக்கட்டை சுற்றியவர்களுக்கு ராட்டை இடம் வலமாகச் சாய்க்கும் ரொட்டேஷன் உடனே பிடித்துவிடும். அதை மட்டும் வெறும் ராட்டில் ஆரம்பியுங்கள். இடுப்பும் பாதமும் சேர்ந்து திரும்பட்டும், நடுமுதுகை மட்டும் முறுக்காதீர்கள்.

வாங்கும்முன் ஒன்று. நம் வீடுகளில் பலரிடம் இருப்பது மெல்லிய ராட். லேண்ட்மைன் குழாயோ பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் ஒலிம்பிக் முனைக்கானது. மெல்லிய ராட் உள்ளே லொடலொடவென்று ஆடும், அதனால் அளவு குறைக்கும் வளையம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பிளேட் துளையில் செருகும் வகை என்றால் குறைந்தது இரண்டு கனமான பிளேட் அடியில் வேண்டும், இல்லாவிட்டால் நகரும். டைல்ஸ் தரையில் ரப்பர் மேட் கட்டாயம். ராட்டோடு நீங்களும் நிற்க மூன்று மீட்டர் நீளம் தேவை. அறை போதாவிட்டால் மொட்டைமாடி இருக்கவே இருக்கிறது.

என்னைக் கேட்டால், ராட்டும் பிளேட்டும் வாங்கியதும் அடுத்த பணம் பெஞ்சுக்குப் போகக் கூடாது, இதற்குத்தான் போக வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கமென்டில் வாருங்கள், பேசுவோம். ராட்டின் நீளம், எடை, பிளேட் எவ்வளவு என்றும் எழுதுங்கள். எங்கே பிடித்தால் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுப் பதில் தருகிறேன்.