போலீஸ் மாறணும், ஆனால் இந்தக் கோஷம் வேண்டாம்: மினியாபொலிஸ் சொன்ன பதில்

வணக்கம் நண்பர்களே. பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், இடையில் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கோஷத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். 'டிஃபண்ட் தி போலீஸ்'. போலீஸுக்குக் கொடுக்கிற பணத்தை நிறுத்து என்று 2020இல் அமெரிக்கத் தெருக்களில் கேட்டது.

திரையில் ஒரு படம் போடுகிறேன், பாருங்கள். 2020 ஜூன் 7, மினியாபொலிஸ் நகரத்தின் பவுடர்ஹார்ன் பூங்கா. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் டெரெக் ஷாவின் என்ற போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மேடையில் நிற்கிறவர்கள் நகர மன்ற உறுப்பினர்கள். மொத்தம் 13 பேரில் 9 பேர் வந்து, நகரப் போலீஸ் துறையைக் கலைப்போம் என்று உறுதிமொழி கொடுக்கிறார்கள். மேடையின் முன்பக்கம் பெரிய பெரிய எழுத்துகளில் அந்தக் கோஷம்.

கோபத்தில் இருக்கிற கூட்டம் கோஷம் போடத்தான் செய்யும், அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பட்ஜெட் போடுகிறவர்கள் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் போய் நின்றார்கள் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது. முந்தின நாள் மேயர் ஜேக்கப் ஃப்ரேயிடம், போலீஸுக்குப் பணத்தை நிறுத்துவீர்களா என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். போலீஸையே முழுசாகக் கலைப்பதற்குத் தனக்குச் சம்மதமில்லை என்று மைக்கில் சொன்னார். "வீட்டுக்குப் போ ஜேக்கப்" என்று கூட்டம் கத்த, அதன் நடுவிலேயே நடந்து வெளியேறினார். அன்றைக்குப் பார்த்தவர்கள் அவர் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சரி, மக்கள் என்ன நினைத்தார்கள்? அந்தக் கோடையில் காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில், போலீஸ் முறையில் பெரிய மாற்றம் வேண்டும் என்றவர்கள் 58 சதவீதம், சின்னச் சின்ன மாற்றமாவது வேண்டும் என்றவர்கள் 36 சதவீதம். இப்படியே இருக்கட்டும் என்று சொல்ல ஆளே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஏபிசி தொலைக்காட்சியும் இப்சோஸ் என்ற கணிப்பு நிறுவனமும் சேர்ந்து ஜூன் மாதம் எடுத்த கணிப்பில் இந்தக் கோஷத்தோடு கேட்டபோது ஆதரவு 34 சதவீதம், எதிர்ப்பு 64. இன்னொரு காலப் கணிப்பு இதைவிட முக்கியம். போலீஸ் தங்கள் பகுதியில் இப்போது இருக்கிற அளவோ அதற்கு அதிகமாகவோ இருக்க வேண்டும் என்று கறுப்பின மக்களிலேயே 81 சதவீதம் பேர் சொன்னார்கள். அடிக்காத போலீஸ் வேண்டும், ஆனால் கூப்பிட்டால் வரவும் வேண்டும். இதில் என்ன முரண்பாடு இருக்கிறது?

கோஷத்துக்கு அர்த்தம் என்ன என்பதில் போட்டவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. மனநலப் பிரச்சினை என்று அழைப்பு வந்தால் துப்பாக்கிக்குப் பதில் ஆலோசகரை அனுப்பு என்றார்கள் சிலர். பட்ஜெட்டில் ஒரு பங்கை வீட்டு வசதிக்கு மாற்று என்றார்கள் சிலர். அதே ஜூனில் நியூயார்க் டைம்ஸில் ஒரு செயற்பாட்டாளர், ஆமாம், போலீஸையே ஒழிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம் என்று எழுதினார். அவர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் முதல் இரண்டு கூட்டத்தாரும் அதற்கப்புறம் எங்கே போனாலும் விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த இடைவெளியில் எதிராளி புகுந்தார். 2020 கோடையில் அப்போதைய அதிபர் டிரம்ப் தரப்பு ஒரு தேர்தல் விளம்பரம் விட்டது. அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911க்கு அழைப்பு போகிறது. எடுக்க ஆளில்லை, பதிவு செய்த குரல்தான் பேசுகிறது. போலீஸுக்குப் பணம் நிறுத்தப்பட்டதால் உங்கள் அழைப்பை எடுக்க யாரும் இல்லை, கொலையைப் பற்றிச் சொல்ல இந்த எண்ணை அழுத்தவும், காத்திருக்க வேண்டிய நேரம் ஐந்து நாள். அரை நிமிட விளம்பரம்தான். அந்த ஆண்டு அமெரிக்காவில் கொலைகள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருந்த நேரத்தில் அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசியுங்கள். 2022இல், டிரம்ப்புக்கு எதிர்க்கட்சியிலிருந்து வந்த அதிபர் பைடனே நாடாளுமன்ற உரையில் போலீஸுக்குப் பணம் கொடுங்கள் என்று பேசினார்.

மினியாபொலிஸுக்கே வருவோம். பூங்காவில் உறுதிமொழி கொடுத்து சில மாதங்களுக்குள், அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உறுப்பினர்கள் சிலர் பின்வாங்க ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வடக்கு மினியாபொலிஸ்காரர்கள் சிலர், போதுமான போலீஸை வேலைக்கு எடு என்று நகராட்சி மேல் வழக்கே போட்டார்கள். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம், நகரச் சாசனப்படி 731 போலீஸாரை மேயர் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் என்று காரணம் காட்ட வேண்டும் என்றது.

அதற்கு முன்னால், 2021 நவம்பரில் வாக்கெடுப்பு. போலீஸ் துறையை எடுத்துவிட்டுப் பொதுப் பாதுகாப்புத் துறை வைக்கலாமா என்பது கேள்வி. வாக்குச்சீட்டில் கோஷம் இல்லை. ஆனால் புதிய துறையில் 'தேவைப்பட்டால்' போலீஸ் அதிகாரிகளும் இருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. தேவைப்பட்டால்! வாசலில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிற தெருவில் குடியிருக்கிறவருக்கு அந்த ஒரு சொல் போதாதா? கிட்டத்தட்ட 56க்கு 44 என்று தோற்றது. அதே தேர்தலில் ஜேக்கப் ஃப்ரே திரும்பவும் மேயரானார்.

உடனே "அப்படியானால் கோஷமே கூடாதா" என்று கேட்பீர்கள். ஒபாமா அந்த மாதிரிதான் சொன்னார், அதைச் சொன்ன நிமிடமே பெரிய கூட்டத்தை இழந்துவிடுகிறீர்கள் என்று. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் போலீஸ் பட்ஜெட்டைப் பொதுமக்கள் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே 2020 அக்டோபரில் நைஜீரியாவில் எழுந்த கோஷம் 'எண்ட் சார்ஸ்', அதாவது சார்ஸை ஒழி. சார்ஸ் என்பது 1992இல் ஆரம்பித்த கொள்ளைத் தடுப்புப் போலீஸ் பிரிவு. கையில் ஐபோனோ லேப்டாப்போ வைத்திருந்தால் போதும், மோசடிப் பேர்வழி என்று இளைஞர்களைப் பிடித்து வைத்துப் பணம் பறிப்பதில் பெயர் போனது. கோஷம் ஒரு பிரிவின் பெயரைச் சொன்னது, அர்த்தத்தில் குழப்பமே இல்லை. அக்டோபர் 11ஆம் தேதி கலைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். அடுத்த இரண்டே நாளில் 'ஸ்வாட்' என்று புதுப் பெயரில் ஒரு பிரிவு வந்து நின்றது! 20ஆம் தேதி லாகோஸ் நகரத்தின் லெக்கி சுங்கச்சாவடியில் போராட்டக்காரர்கள் மேல் ராணுவம் சுட்டது. குறுகலான கோஷத்தில் இந்த ஆபத்து, பெயர்ப் பலகையை மாற்றிவிட்டுத் தப்பித்துவிடலாம். ஆனால் போராட்டக்காரர்களின் ஐந்து கோரிக்கையில் கடைசி என்ன தெரியுமா? போலீஸுக்குச் சம்பளத்தைக் கூட்டு. இவர்களைப் போலீஸ் விரோதிகள் என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். மினியாபொலிஸில் வாக்கெடுப்பு தோற்ற அடுத்த மாதமே, 2021 டிசம்பரில், மனநல நெருக்கடி அழைப்புகளுக்கு ஆயுதமில்லாத ஆலோசகர்களை வேனில் அனுப்பும் குழு ஓட ஆரம்பித்தது. 2020 டிசம்பரிலேயே போலீஸ் பட்ஜெட்டிலிருந்து ஏறக்குறைய 80 லட்சம் டாலரை மன்றம் இந்த மாதிரி வேலைகளுக்கு மாற்றியிருந்தது. வேன் எப்படி வேலை செய்கிறது, 911க்கு வரும் அழைப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.