பழைய வேலை போகவில்லை, புதியது மேலே ஏறியது

நடுவர் அவர்களே, இந்த மழையிலும் வெள்ளவத்தைக்கு வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம். "புதிய வழிகாட்டும் கருவிகள் மாலுமியின் சுமையைக் குறைத்தனவா, கூட்டினவா?" என்பது கேள்வி. கூட்டின என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வல்வெட்டித்துறை அன்னபூரணியில் ஆரம்பித்தார். நம்மவர்கள் அந்தப் பாய்க்கப்பலை 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை கொண்டுபோனார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பாடு இல்லை, திரையில் கோடு போட்டால் கப்பல் தானாகப் போகிறது என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அன்னபூரணிக்காக.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முன்பெல்லாம் இரண்டாம் அதிகாரி கடலில் வந்த மாற்றங்களைச் சொல்லி வாராவாரம் வரும் அறிவித்தலைப் பார்த்து, காகித வரைபடங்களை ஊதா மையால் ஒவ்வொன்றாகத் திருத்துவார். 2012 முதல் 2018 வரை பெரிய கப்பல்களில் மின்னணு வரைபடம் படிப்படியாகக் கட்டாயமானது. அந்த முதுகுவலி போனது. வந்தவற்றைக் கேளுங்கள்.

தன் முறைக்குக் கப்பலைச் செலுத்தி நிற்கும் அதிகாரி, அதாவது காவலதிகாரி, தூங்கிவிட்டாரா என்று பார்க்கவே ஒரு கருவி இருக்கிறது. மூன்று முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏதோ ஒரு கணக்கில், "நான் விழித்திருக்கிறேன்" என்று அதற்குத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். புது மருமகளைக்கூட மாமியார் இப்படிக் கண்காணிப்பதில்லை! புதிய அவசரத் தொடர்பு முறை 1999 பெப்ரவரி 1ஆம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் வானொலி அதிகாரியின் கதிரை போனது. அவருடைய வேலை போகவில்லை. காவலதிகாரியின் தலையில் இறங்கியது.

சரி, பழைய வித்தையையாவது மறக்க விட்டார்களா? 2017இல் கருங்கடலில் நின்ற கப்பல்களை ஜீபிஎஸ் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. காலி வீதியில் கைப்பேசி வழி தவறினால் கடைக்காரரிடம் கேட்கலாம். நடுக்கடலில் எந்தக் கடை? அதனால்தான் சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து இடம் காணும் பயிற்சி இன்றும் அதிகாரிகளுக்கு உண்டு. அன்னபூரணிக்காரர் படித்ததையும் படிக்க வேண்டும், திரையையும் படிக்க வேண்டும்.

"விபத்து என்றால் ஆளின் பிழை, கருவியின் பிழையல்ல" என்றார்கள். 2013 செப்டெம்பரில் ஓவிட் என்ற இரசாயனக் கப்பல் டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டில் ஏறியது. மின்னணு வரைபடத்தில் திட்டுக்கு மேலாகவே பாதை வரையப்பட்டிருந்தது. ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. கடலைக் கண்காணிக்க நின்றவர் திட்டைக் காட்டும் மிதவைகளின் விளக்குகளைக் கண்டும் சொல்லவில்லை. காவலதிகாரியின் கண் திரையில் இருந்தது. கப்பல் தரைதட்டிவிட்டது என்று அவருக்கு விளங்கவே 19 நிமிடங்கள் ஆயின.

ஆளின் பிழைதான், நடுவர் அவர்களே. ஆனால் ஜன்னலையும் பார், திரையையும் பார், மணி ஊமையானதையும் நீயே கண்டுபிடி என்று அந்த ஒரே ஆளிடம் ஒப்படைத்தது யார்? சுமை குறைந்தது என்பவர்கள் அந்த 19 நிமிடங்களுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.