பல்லோடு ஒரு சீட்டும் வேண்டும்

(தக்கலையில் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பத்மநாபபுரம் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு நமக்காக வந்திருக்கும் பல் மருத்துவர் அம்மா அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் குளச்சலிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் இம்ப்ளாண்ட் என்ற செயற்கைப் பல்வேர் பாதுகாப்பானதா, யார் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஆகும் செலவு நியாயமா என்று மூன்று செய்திகளைச் சொல்வதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க், 1950களில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டேனியம் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்ததைக் கண்டார். 1965இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பதித்த வேர்கள், அந்த மனிதர் இறக்கும்வரை 40 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தன. ஆகவே உலோகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முறையாகப் பதித்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பத்தாண்டு தாண்டியும் நிற்கின்றன.

அஞ்ச வேண்டியது அவசரத்துக்குத்தான். கட்டுப்படாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். எலும்பு மெலிவுக்கு மருந்து எடுப்பவர்களும், தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பில் இம்ப்ளாண்ட் பட்டால் உதடு மரத்துப்போகலாம். அதனால்தான் முன்கூட்டியே ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். பதித்த பிறகும் அன்றாடம் துலக்காவிட்டால், இயற்கைப் பல்லைப் போலவே இதைச் சுற்றியும் ஈறு சீழ்பிடித்து எலும்பு கரையும். இந்த அரங்கில் சர்க்கரை மாத்திரை போடாதவர்களை எண்ணுவதுதான் எளிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அங்கேயே முன்பக்கத்தில் இரண்டு இம்ப்ளாண்ட் பல் வைத்துக்கொண்டு வந்தவர். பேத்தியின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த முந்திரிக்கொத்தை மரியாதைக்காக ஒரு கடி கடித்தார். பாகு நன்றாக முறுகிய முந்திரிக்கொத்து. அதை உடைக்க இளைஞருக்கே துணிவு வேண்டும். வேரின் மேலிருந்த கேப், அதாவது பல் வடிவ மூடி, ஆடிக் கழன்று முந்திரிக்கொத்தோடு தாம்பாளத்தில் விழுந்தது. சம்மதம் தெரிவிக்க எழுந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பெரியவருக்கு இதில் விருப்பமில்லையோ என்று மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்துவிட்டார்! பல் போனால் சொல் போச்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பாட்டிதான் தாம்பாளத்திலிருந்து கேப்பை எடுத்துக் காட்டிச் சமாதானம் செய்தார்.

மறுநாள் மருத்துவமனையில், எலும்பில் பதித்த வேர் உறுதியாகத்தான் இருக்கிறது, கேப்பை வேரோடு இணைக்கும் சிறு திருகுதான் தளர்ந்திருக்கிறது என்றார்கள். கூடவே, எந்த நிறுவனத்தின் இம்ப்ளாண்ட், என்ன அளவு என்றும் கேட்டார்கள். திருகும் அதை முறுக்கும் கருவியும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுமாம். அண்ணாச்சியிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. எக்ஸ்ரே எடுத்து, அதன் வடிவத்தை வைத்து நிறுவனத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை மனிதர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பாதுகாப்பு என்பது பதிக்கும் நாளோடு முடிவதில்லை என்று நான் ஊர் ஊராகச் சொல்லிவருவது இதனால்தான்.

ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டியிலும் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கிறது. அதில் ஒன்றை நோயாளியின் கையேட்டில் ஒட்டித் தருவதற்கு எத்தனை நொடி ஆகும்? வேலைக்காகவும் பிள்ளைகளோடு தங்குவதற்காகவும் நம் மாவட்டத்தார் போகாத ஊர் இல்லை. எந்த ஊரில் திருகு தளர்ந்தாலும் அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும். செலவைப் பற்றிப் பேச நேரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவே, மாவட்டத்தில் இம்ப்ளாண்ட் வைக்கும் ஒவ்வொரு பல் மருத்துவமனையும் அந்தச் சீட்டையும், எடுத்த எக்ஸ்ரே படத்தின் படியையும் நோயாளியிடம் கட்டாயம் தர வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். மருத்துவர் அம்மா வழிமொழிய இசைந்திருக்கிறார்கள். கையொப்பத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது; உணவுக்குச் செல்லுமுன் அனைவரும் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே பல் வைத்திருப்பவர்கள் பெயருக்கு எதிரே, தங்களிடம் சீட்டு உண்டா இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள்.