சீட்டில்லாத கூடு

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தக் காகித உறைக்குள் ஒரு கிண்ணம் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதன் அடியில் கறுப்பாக, பயறு போல நான்கைந்து உருண்டைகள். குருவிக்கூடும் முட்டையும் மாதிரி இருப்பதால் இதற்குப் பறவைக்கூட்டுக் காளான் என்று பெயர்.

முட்டை என்கிறோமே, அவை வித்துப் பொதிகள். மழைத்துளி கிண்ணத்துக்குள் நேராக விழுந்தால், தண்ணீர் சுவரோரமாகச் சீறி எழுந்து முட்டையை வெளியே வீசிவிடும். இந்தக் காளான்களில் சயாத்தஸ் என்ற பேரினத்து முட்டைக்கு ஒரு நூல்கூட உண்டு. பறக்கும்போது நூல் அவிழும், அதன் பிசுபிசுப்பான நுனி புல்தண்டில் பட்டதும் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். இதையெல்லாம் சோதித்துப் பார்த்து, 1975இல் இந்தக் காளான்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார் காளான் ஆய்வாளர் ஹெரால்ட் பிராடி.

சரி, இவற்றைக் காயவைத்துப் பாதுகாக்கும் அருங்காட்சியகத்துக்கு வருவோம். லண்டன் கியூ தோட்டத்தின் பூஞ்சைச் சேகரிப்பில் மட்டும் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. மற்ற காளான்கள் பல காய்ந்தால் சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும். இந்தக் கிண்ணம் அப்படியல்ல, தோல் மாதிரி விறைத்து அப்படியே நிற்கும். உட்சுவரில் வரிகள் ஓடினால் சயாத்தஸ் ஸ்ட்ரையேட்டஸ் என்ற வகையாக இருக்கலாம். வழவழப்பாக இருந்தால்தான் வம்பு. அதே பேரினத்தின் ஓல்லா வகையா, ஸ்டெர்கோரியஸ் வகையா? நுண்ணோக்கியில் வித்தின் அளவைப் பார்த்தாக வேண்டும்.

அதற்கு முன்னால் நான் பார்ப்பது, எடுத்தவர் விவரம் எழுதி மாதிரியோடு வைக்கும் சீட்டைத்தான். 'சாணத்தின் மேல்' என்று இரண்டு சொல் இருந்தால் ஸ்டெர்கோரியஸ் பக்கம் சந்தேகம் திரும்பும். 'தோட்டம், மழைக்காலம்' என்று மட்டும் எழுதிவைத்தால் நான் என்ன செய்வது? மரத்தூளா, சுள்ளியா, எருவா? எடுத்தவருக்கு அன்று கண்முன்னே தெரிந்தது, எழுதாததால் தொலைந்தது. தேதியையும் ஊரையும் ஒழுங்காக எழுதுகிறவர்கள்கூட எதன்மேல் முளைத்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு.

இன்னொரு சங்கதி. காளான் கிடைத்த இடங்களின் பதிவுகளை வரைபடத்தில் புள்ளியாக வைத்தால், சில இடங்களில் கூட்டமாகத் தெரியும். காளான் அங்கே அதிகம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். காளான் பார்க்கிறவர்கள் அங்கே அதிகம் நடந்திருக்கலாம்.

அப்புறம், உறையைத் திறக்கும்போது கீழே ஒரு வெள்ளைத்தாள் விரித்துக்கொள்ளுங்கள். கழன்று உருண்ட ஒற்றை முட்டையைத் தேடி, மேசைக்கடியில் அரைமணி நேரம் தவழ்ந்தவன் நான்.