ஒரு கூடை கழசல்

நேயர்களுக்கு வணக்கம். கடல் மீன்வளத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு கூடையிலிருந்து தொடங்குகிறேன்.

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் விசைப்படகுகள் கரை பிடிக்கும் நேரத்தில் போயிருக்கிறீர்களா? இறாலும் கணவாயும் ஐஸ் பெட்டிக்குப் போன பிறகு ஒரு குவியல் மிஞ்சும். கழசல் என்பார்கள். வெயிலில் காயப்போட்டுக் கோழித் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பல வருஷங்களுக்கு முன்பு மாணவர்களோடு உட்கார்ந்து அதில் ஒரு கூடையைக் கொட்டிப் பிரித்தேன். விரல் நீளச் சங்கரா, நகத்தளவு நண்டு, காரல் குஞ்சு, ஒரு கடற்குதிரைகூட. இடையிடையே பச்சையாகத் தாழை. தாழை என்றால் மடல் தாழை இல்லை, கடலடியில் வளரும் புல்.

பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "தாழை வந்திருக்கே வாத்தியாரே, கரையை ஒட்டி இழுத்திருக்கான்" என்றார். எந்தப் படகு என்றுகூடக் கேட்கவில்லை. வலை ஓடிய இடத்தைக் கூடையிலேயே படித்துவிட்டார்!

வெயில் இறங்கும் ஆழம் குறைந்த கடலில்தான் தாழை வளரும். நண்டுக்கும் இறாலுக்கும் குஞ்சுப் பருவத்தில் அதுதான் ஒளிவிடம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது சும்மா இல்லை. விசைப்படகு இழுக்கும் இழுவை மடி வலையின் சங்கிலியும் பலகையும் தரையைச் சுரண்டிக்கொண்டே போகும்.

நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறுவதைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தடை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் 61 நாள் தாய்மீனை விட்டுவைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் குஞ்சு ஒளியும் புல்லைச் சுரண்டினால் கணக்கு எங்கே தேறும்? மறுபடியும் அந்தக் கூடைக்குத்தான் வருகிறேன்.

சூழலமைப்பு சார்ந்த மேலாண்மை என்று இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். மீனை மட்டும் எண்ணாமல், அது எதைத் தின்கிறது, எது அதைத் தின்கிறது, எங்கே வளர்கிறது என்று சேர்த்துப் பார்ப்பது. படகுக்காரரின் கடனையும் சேர்த்துத்தான். கழசலுக்கும் விலை கிடைத்தால்தான் டீசல் காசு தேறும் என்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டு எந்தச் சட்டம் போட்டாலும் நடக்காது.

கடற்பசுவுக்காக 2022இல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கினார்களே, அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தக் கடற்பசு மேய்வதும் இதே தாழையைத்தான். வணக்கம்.